தெற்கிலிருந்து ஒரு கோடு

பொத்தேரி
8.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். இங்கே போர் தண்ணீரில் முடி மட்டும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, வேறு குறை இல்லை. உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாகத் தூக்காதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்!

நீங்கள் போனைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஓட்டல் ரிசப்ஷனில் இருந்த உங்களைத் துணி அறைக்கு மாற்றினதே அதனால்தான் என்று அம்மா புலம்பாத நாள் இல்லை. "இன்னா பொண்ணும்மா அது, போன் அடிச்சா நின்ன எடத்துல நிக்குது." எனக்கு அதில் வருத்தமில்லை அண்ணி. கடிதம் எழுதினால் போச்சு.

விஷயத்துக்கு வருகிறேன். நானும் என்னோடு படித்த தௌசிஃபும் வேலையை விட்டுவிட்டு ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம் என்று அம்மா சொல்லியிருப்பாள். திட்டியும் இருப்பாள். பெயர் 'நீரோட்டம்'. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. கடலில் ஒரு சிவப்பு மிதவை. அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ள முடியாது, மேலே கீழே மட்டும் நகர்த்தலாம். மேல் தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், அடித் தண்ணீர் வேறு பக்கம் ஓடும். எந்த ஆழத்தில் எது ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அதில் தொற்றிக்கொண்டு, கரையில் சொன்ன இடத்தைச் சேர வேண்டும். காற்று, அலை, கடலடி மேடு பள்ளம் எல்லாம் நிஜமாக அளந்த கணக்கு.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கட்டம் நம் ஜெபா அண்ணனுடையது. நாள், அந்த ஜூலை நாள். தொடங்கும் இடம் சாலவான்குப்பம். கம்பெனி பஸ்ஸில் எல்லாரோடும் பிக்னிக் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க இறங்கினாரே, அந்த இடம். சேரும் இடம் அதற்குத் தெற்கே தேவனேரி, அவர் கிடைத்த இடம். அன்றைக்குக் கரையில் ஒரு மீன்காரர் அப்பாவிடம் கேட்டாராம்: "தண்ணி வடக்கால ஓடுது. சாலவான்குப்பத்துல எறங்குன ஆளு இன்னாத்துக்கு தெக்கால வந்துக்கீறான்?" துக்கத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு மட்டும் அது போகவே மாட்டேன் என்கிறது. அண்ணன் எந்த வழியாக வந்தார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கேமே.

அன்றிலிருந்து நான் கடல் பக்கம் வரவில்லை. நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அதனால் நீங்கள் ஆடிப் பார்த்துக் கருத்து எழுத வேண்டும். ஃபார்ம் கொடுத்தால் ஆளாளுக்கு 'செம', 'மொக்கை' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆகையால் ஆடுகிற எல்லாரிடமும் நிறையும் குறையும் எழுதிக் கையெழுத்துக் கடிதமாகவே கேட்கிறோம். தௌசிஃபின் அக்கா வீடு மாமல்லபுரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஓடும்போது என் பழைய லேப்டாப்பை உங்களிடம் தருவான். உங்களுக்கு மனசு வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஷாரோன்


மாமல்லபுரம்
21.6.2025

அன்புள்ள ஷாரோன்,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. முதுகு அப்படியேதான் இருக்கிறது, அதற்கு வயசு ஏறுகிறது. முடிக்குப் போர் தண்ணீரைக் குறை சொல்லாதே. ராத்திரி தூங்கு, கொட்டாது.

உன் தௌசிஃப் வந்தான். நல்ல பிள்ளை. வாசலிலேயே நின்றுகொண்டு அரை மணி நேரம் பாடம் எடுத்தான். "மிதவ எங்கனா பாறைல மாட்டிக்கினா, இந்த ரெண்டு பட்டனையும் அமுக்கிப் புடிச்சி இழுத்து, வேற எடத்துல வுட்டுடுங்கக்கா. இது எங்க சோதனைக்கு வச்சது, மத்தவங்களுக்குத் தெரியாது" என்றான். ஓட்டல் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கேமெல்லாம் ஆடுறீங்க" என்று ஒரே கிண்டல். ஏற்கெனவே வானம் கொஞ்சம் கறுத்தாலே நான் மொட்டைமாடிக்கு ஓடித் துணி எடுப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள். இப்போது இது வேறு.

கேட்டதை எழுதுகிறேன். முதல் கட்டம், சங்கைக் கரை சேர்ப்பது, பிடித்திருக்கிறது. இரண்டாவதில் ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் தண்ணீர் அழகாக இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டும் தெரியவில்லை. மணல் நிறம் தப்பு. இங்கே அவ்வளவு வெளுப்பு கிடையாது, நீ மறந்துவிட்டாய்.

கடைசிக் கட்டத்தைத் திறக்கவில்லை.

செத்துப்போனவரை எந்தத் தண்ணீர் கொண்டுவந்தால் என்ன ஷாரோன்? வந்து சேர்ந்தாரே, அடக்கம் செய்தோமே. எத்தனை பேருக்கு அதுவும் கிடைப்பதில்லை. யோசித்துப் பார்.

மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், ஞாபகப்படுத்து. அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

அன்புடன்
அண்ணி சாராள்


பொத்தேரி
2.7.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். அப்பாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டேன். எனக்கு இரண்டு நாள் ஜுரம், இப்போது தேவலை. ஹாஸ்டல் மெஸ் ரசத்தைக் குடித்தே குணமாகிவிட்டேன், அதற்கு ஒரு சாட்சி சொல்லலாம்.

மணல் நிறத்தை மாற்றியாயிற்று. எழுத்தைப் பெரிதாக்கியாயிற்று. மற்றவர்களின் கடிதங்களும் வந்துவிட்டன. தாம்பரத்தில் வேலை பார்க்கும் ஹரிஹரன் என்பவர், "வாத்தியார் இல்லாத பிசிக்ஸ் கிளாஸ் மாதிரி இருக்கிறது, அதனால்தான் பிடித்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். செங்கல்பட்டில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கும் ஜோதிலட்சுமி மேடம் நாலு பக்கம் எழுதித் தள்ளியிருக்கிறார். எல்லாரும் ஒன்று போல ஒரே குறையைச் சொல்கிறார்கள்: கடைசிக் கட்டத்தை யாராலும் முடிக்க முடியவில்லை. மிதவை வடக்கே வடக்கே போய்க் கோவளத்தைத் தாண்டித் திரையை விட்டே வெளியே போய்விடுகிறது. மேலே போனாலும் வடக்கு, கீழே போனாலும் வடக்கு.

அது யாருடைய வழி என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு அது ஒரு கஷ்டமான கட்டம், அவ்வளவுதான். அப்படியும் ஜோதிலட்சுமி மேடம் எழுதுகிறார், 'இந்த மிதவையை மட்டும் தனியாக விட மனசு வரவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டுத் திரும்பவும் திறந்து பார்த்தேன்' என்று.

கணக்கில் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன். சுழல் ஏதாவது இருந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை ஆடிப் பாருங்கள் அண்ணி. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மா கேட்கச் சொன்னதை எழுதாமல் விட்டால் என்னை விடமாட்டாள். "எம்புள்ள கடசியா இன்னா பேசுனான்னு அவளாண்ட கேளு." நீங்கள் செங்கல்பட்டு வீட்டுக்கு வராததே இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று எனக்குத் தெரியும். பதில் எழுத வேண்டாம். கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
ஷாரோன்


மாமல்லபுரம்
16.7.2025

ஷாரோன்,

சுகமா? ஜுரம் விட்டதா? சுக்குக் கஷாயம் குடி, மெஸ் ரசத்தை நம்பாதே. நான் இருக்கிறேன்.

நேற்று நாள் வந்து போயிற்று. நீங்கள் எல்லாரும் கல்லறைக்குப் போயிருப்பீர்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா தெரியாது.

அந்தக் கட்டத்தைத் திறந்தேன்.

நிறை: வானம். அந்த மாதத்துச் சாயங்கால வெளிச்சம் சரியாக இருக்கிறது.

குறை: சத்தம். மிதவை தண்ணீருக்குள் போகும்போது பெரிய இரைச்சல் வைத்திருக்கிறாய். அப்படி இருக்காது. முதலில் காற்றுச் சத்தம் நிற்கும். காற்று இருந்ததே தெரியாது, நின்றதும்தான் தெரியும். அப்புறம் மடக் மடக் என்று இரண்டு மூன்று தடவை, பக்கத்தில் யாரோ தண்ணீர் குடிக்கிறார் போல. அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததை நீ குறைத்துவிட்டாய். அது ரொம்ப நேரம் இருக்க வேண்டும்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

சாராள்


பொத்தேரி
10.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, அம்மா திட்டுவது மட்டும் குறையவில்லை.

அண்ணி, நீங்கள் எங்கேயோ இருக்க வேண்டியவர்! நீங்கள் எழுதினபடியே சத்தத்தை மாற்றினோம். காற்று, மடக் மடக், அப்புறம் நிசப்தம். தௌசிஃப் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மச்சி, அக்காவுக்கு இது எப்புடித் தெரியும்?" என்றான். தினமும் கடலைப் பார்க்கிறவருக்குத் தெரியாதா என்றேன். ஹரிஹரன் இந்தத் தடவை ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "அந்த மௌனத்தில் நான் மூச்சு விடவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது." இவ்வளவு நாளில் எங்களுக்கு வந்த கருத்திலேயே உங்களுடையதுதான் பெரியது. கேம் முடிவில் பேர்கள் ஓடும்போது 'ஒலி: சாராள்' என்று போடப்போகிறேன், மறுக்கக் கூடாது.

ஆனால் கட்டம் முடியவில்லை. கடலடியை மாற்றிப் பார்த்தேன், காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். தௌசிஃப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கணக்கு சரி. தண்ணி சரி. வேற இன்னாவோதான் தப்பு." இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

எனக்கு இப்போது அவசரம் வந்துவிட்டது. போன வாரம் அம்மாவிடம் வாய்விட்டுவிட்டேன். அண்ணன் எந்த வழியாக வந்தார் என்று கிறிஸ்மஸுக்குள் கம்ப்யூட்டரில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோதுகூட அதே பேச்சு. பெஞ்சமின் சித்தப்பா கல்லறை வேலி ஓரத்தில் முள்ளு மண்டிக் கிடக்கிறது. கிணற்றில் அவராக விழுந்தார் என்று சொல்லி அன்றைக்குக் கோயிலுக்குள்ளே கொண்டுபோக விடவில்லை, மணி அடிக்கவில்லை, ஜெபம் கூட வெளியே நின்றுதான். இத்தனை வருஷம் ஆகியும் அம்மா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நேராக அண்ணனிடம் போய்க் கல்லைத் துடைத்துவிட்டு எப்போதும் சொல்வதையே சொன்னாள்: "எம்புள்ளைக்கு மணி அடிச்சாங்க."

அவளுக்கு நான் என்னத்தைக் காட்டுவேன் அண்ணி? ஏதாவது யோசனை சொல்லுங்கள்.

உங்கள்
ஷாரோன்


மாமல்லபுரம்
3.9.2025

அன்புள்ள ஷாரோன்,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

யோசனை கேட்டாய். அந்தக் கட்டத்தை எடுத்துவிடு. சங்கு, ஆமை, கட்டுமரம் என்று மற்றது போதும், நன்றாகவே இருக்கிறது. அத்தையிடம் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொல். என் பேரையும் போட வேண்டாம்.

பெஞ்சமின் மாமாவைப் பற்றி எழுதியிருந்தாய். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பார்த்த முதல் சாவு அது. வேலி ஓரத்தில் நின்றபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்வயித்துல பொறந்ததுக்கு இந்தக் கதி வந்தா நான் உயிரோட இருக்க மாட்டேன் சாராளு" என்றார். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

இங்கே மழை வரும் போல இருக்கிறது. மாடிக்குப் போக வேண்டும்.

சாராள்


பொத்தேரி
19.9.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம் என்று எழுதலாம், எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் என்னை வருத்தப்படுத்தியது. கட்டத்தை எடுக்கச் சொல்கிறீர்கள். எடுத்தால் கேமில் எனக்கு என்ன மிச்சம்? கோபம் தணிந்ததும் எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

தௌசிஃப் ஒரு புது வேலை செய்தான். இதுவரை ஆடியவர்கள் அத்தனை பேரின் மிதவையும் போன வழியைச் சேர்த்து, கடல் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிய வைத்தான். புதிதாக ஆடுகிறவருக்குத் துணை இருக்கட்டும் என்று. கடைசிக் கட்டத்தில் எல்லாக் கோடும் சாலவான்குப்பத்தில் கிளம்பி வடக்கே போகிறது. அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அப்படியே எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம்.

ஜோதிலட்சுமி மேடத்தின் கடிதம் நேற்று வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "எல்லாரும் வடக்கே போகிறோம். தெற்கேயிருந்து ஒருத்தர் மட்டும் தனியாக வருகிறாரே, அது யார்? அவர் நேராக வந்து தேவனேரியில் ஒதுங்கி அங்கேயே நின்றுவிடுகிறார். எனக்குப் பயமாக இல்லை, அழுகை வந்தது."

திறந்து பார்த்தோம். உண்மைதான் அண்ணி. திரையின் கீழ்க்கோடியில், சதுரங்கப்பட்டினத்துக் கரையிலிருந்து ஒரு கோடு வருகிறது. அங்கே தொடங்க யாருக்கும் வழியே இல்லை. எங்கேயும் திணறாமல், நம் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கடந்து, சரியாக அண்ணன் கிடைத்த அதே இடத்தில் வந்து நிற்கிறது. அந்த நாள், அந்தத் தண்ணீர். தௌசிஃப் வாய்க்குள்ளே ஏதோ ஓதிக்கொண்டான். எனக்கோ, அண்ணனே வந்து காட்டுகிறார் என்று தோன்றிவிட்டது. சிரிக்காதீர்கள். அறிவியல் படித்தவள்தான், ஆனால் நேற்று ராத்திரி முழுக்க அந்த அறையில் விளக்கை அணைக்கவில்லை.

எனக்குப் பதில் எழுதுங்கள். ஏதாவது எழுதுங்கள்.

ஷாரோன்


பொத்தேரி
26.10.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று தௌசிஃபை அனுப்பினேன். துணி மடித்துக்கொண்டிருந்தீர்களாம், தேநீர் கொடுத்தீர்களாம், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

அந்தக் கோடு எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஆகஸ்டில் தௌசிஃப் உங்கள் லேப்டாப்பிலிருந்து எடுத்து வந்த ஆட்டப் பதிவில் இருக்கிறது. அது ஒரு கோடும் இல்லை. பல கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. பாறையில் மாட்டினால் இழுத்து விட அவன் சொல்லிக் கொடுத்த அந்த இரண்டு பட்டன். மிதவையைச் சாலவான்குப்பத்திலிருந்து எடுத்துச் சதுரங்கப்பட்டினத்தில் வைத்திருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப. தினமும் ஆடியிருப்பீர்கள் போலிருக்கிறது.

எப்படி முடித்தீர்கள் என்று கேட்கவில்லை. அங்கே வைக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது அண்ணி?

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். வருவீர்களா? அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கம்ப்யூட்டரையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஷாரோன்


மாமல்லபுரம்
4.11.2025

ஷாரோன்,

வந்தேன், பார்த்திருப்பாய். உன் பக்கத்தில் வரவில்லை. அத்தை மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டு, "எம்புள்ளைக்கு மணி அடிச்சாங்க சாராளு, அது போதும் எனுக்கு" என்றார். நீயும் கேட்டாய். உன் கண் என் மேலேயே இருந்தது.

சதுரங்கப்பட்டினம். கோட்டைக்குப் பின்னால். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

தொடங்கும் இடத்தை நீயே அங்கே வைத்துப் பார். அப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. கேட்காதே.

சாராள்


பொத்தேரி
14.12.2025

என் அன்பு அண்ணிக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறீர்களா? வெறும் வழக்கத்துக்காக இதைக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

வைத்துப் பார்த்தேன். சேர்ந்தது. நான் ஒரு பட்டனைக் கூட அழுத்தவில்லை.

அன்றைக்குத் தௌசிஃபை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன். அண்ணன் செருப்பைச் சாலவான்குப்பத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு தெற்கே பஸ் ஏறியிருக்கிறார். போன் மட்டும் கையில் இருந்திருக்கிறது. உங்கள் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காற்று முதலில் நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். கடலைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது அண்ணி. கேட்டவருக்குத்தான் தெரியும். நீங்கள் ஏன் போன் எடுப்பதில்லை என்று இத்தனை நாள் நாங்கள் எல்லாரும் உங்களைத் திட்டியிருக்கிறோம். அம்மா திட்டினாள், மேனேஜர் திட்டினார், நான் கிண்டல் செய்தேன். எனக்கு அழக்கூட வெட்கமாக இருக்கிறது.

ஏன் போனார் என்று கேட்கமாட்டேன். கேட்காதே என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கட்டத்தை எடுக்கவில்லை. தொடங்கும் இடம் சாலவான்குப்பமேதான். அந்த இரண்டு பட்டன் வழியை அடைத்துவிட்டேன். தெற்குக் கோடுகளையும் அழித்துவிட்டேன். தௌசிஃபிடம் என் கணக்கில்தான் தப்பு என்று சொன்னேன். "சரி, உன் கணக்குலதான் தப்பு" என்றான். அதற்கப்புறம் கேட்கவே இல்லை. போன வாரம் கேமை வெளியிட்டோம். இனி யாராலும் அதை முடிக்க முடியாது. முடிக்க முடியாத கட்டத்தை யாராவது வைப்பார்களா, பைத்தியமா என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 'ஆமாம், முடியாது' என்று பதில் போடுகிறேன்.

அம்மாவுக்குக் காட்டினேன். அப்பாவும் கூட உட்கார்ந்திருந்தார். மிதவை வடக்கே போய்க்கொண்டே இருந்தது, திரையை விட்டும் போய்விட்டது. அம்மா வெறும் கடலைப் பார்த்தபடியே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "அவ்ளோ தூரம் இஸ்த்துக்கினு பூட்டுது. அங்கருந்து திரும்பி வந்துக்கீறான் பாரு. வூட்டுக்கு வரணும்னு வந்துக்கீறான் எம்புள்ள." முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு எழுந்து போய் உலை வைத்தாள். அவளை நான் திருத்தவில்லை.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். இது உங்களுக்கு மட்டும். இதில் தொடங்கும் இடம் நீங்கள் சொன்ன இடம். வேறு பிரதி கிடையாது. உங்களுக்கு வலிக்கும் என்று அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டேன். வேண்டாமென்றால் எரித்துவிடுங்கள்.

பெஞ்சமின் சித்தப்பா கல்லறை முள்ளை வெட்டிவிட்டு வந்தேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள்
ஷாரோன்


மாமல்லபுரம்
28.12.2025

அன்புள்ள ஷாரோன்,

ஸ்தோத்திரம். உனக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் கிறிஸ்து பிறப்பின் பண்டிகை வாழ்த்துக்கள். முதுகு பரவாயில்லை. சாப்பிடுகிறேன். அத்தை கொடுத்தனுப்பிய முறுக்கும் கேக்கும் வந்தது, ஓட்டல் பிள்ளைகள் பாதியைத் தின்றுவிட்டார்கள்.

எரிக்கவில்லை.

அத்தை கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. காலையில் பிக்னிக் கிளம்பும்போது சொன்னதாக அவரிடம் சொல்லிவிடு. "மாடில துணி காயுது. மழ வர மாரி கீது. எடுத்துடு." இதுதான் அவர் கடைசியாகப் பேசினது. அன்றைக்கு மழை வரவில்லை.

நீ கேட்ட மாதிரி கருத்து எழுதிவிடுகிறேன்.

நிறை: நேராக வருகிறது. எங்கேயும் மோதவில்லை. கோயில் தெரிகிற இடத்தில் கொஞ்சம் மெதுவாகிறது.

குறை: ஒன்றுதான். சத்தத்தை எடுத்திருக்கிறாய். திரும்ப வை. சத்தம் இல்லாவிட்டால் நான் பாதியில் போனை வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நான் வைக்கவில்லை ஷாரோன். அது தானாக நிற்கும் வரைக்கும் காதிலேதான் வைத்திருந்தேன்.

அண்ணி
சாராள்